23 பெட்டிகளும் ஒரு பச்சைப் பென்சிலும்

14 ஆண்டுகள் ஒரு பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவரின் காகிதங்கள் 23 அட்டைப்பெட்டிகளில் எங்கள் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தன. எந்தப் பல்கலைக்கழகம், யார் அவர் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. வேலை எப்படி நடந்தது, நான் எங்கே சொதப்பினேன், அதை எப்படிச் சரிக்கட்டினேன் என்று எழுதிவைக்கத்தான் இந்தப் பதிவு. மொத்தம் ஏழு மாதம் ஆனது. அதில் மூன்று வாரம், நானே கலைத்ததை நானே திரும்ப அடுக்கியதில் போனது.

பெட்டிகளில் பாதி அலுவலகக் கிடங்கிலிருந்து வந்தவை. மீதி அவர் வீட்டுப் பரணில் இருந்தவை. வீட்டுப் பெட்டிகளைத் திறந்ததும் மூக்கில் ஏறியது பழைய காகித வாசனையும் கொஞ்சம் பூசண நெடியும். அப்புறம், 9ஆம் பெட்டியின் அடியில் வெள்ளியாய் மின்னிக்கொண்டு ஏதோ ஓடியது. ராமபாணப் பூச்சி. சரி, முதல் வேலை அடுக்குவது இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

வீட்டிலிருந்து வந்த 11 பெட்டிகளையும் தனி அறையில் வைத்துக் கதவைச் சாத்தினோம். பூச்சிக்கு மருந்து அடிக்கவில்லை. காகிதத்தில் மருந்து தங்கிவிடும், பின்னால் அதைத் தொடுகிறவர் கையிலும் ஒட்டும். குளிர்தான் வழி. ஒவ்வொரு பெட்டியையும் பாலிதீன் பையில் போட்டு, முடிந்தவரை காற்றை வெளியேற்றி, டேப் போட்டு மூடி, மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தோம். ஒரு வாரமே போதும் என்பார்கள். ஆனால் காகிதக் கட்டு தடிமனாக இருந்தால் நடுவில் குளிர் இறங்க நாளாகும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க அப்படியே விட வேண்டும். வியர்ப்பதெல்லாம் பையின் வெளிப்பக்கம் வியர்க்கட்டும். அவசரப்பட்டுத் திறந்தால் அந்த ஈரம் காகிதத்தின்மேல் இறங்கும், பூச்சி போய்ப் பூசணம் வரும்.

பூசணம் பிடித்த இரண்டு கோப்புகளை மட்டும் தனியாக உலரவைத்தேன். ஈரமாக இருக்கும்போது பூசணத்தைத் துடைத்தால் காகிதத்துக்குள் தேய்ந்து இறங்கிவிடும். காய்ந்து பொடியானதும் என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு, ஹெப்பா வடிகட்டி உள்ள வேக்குவத்தின் முனையில் மெல்லிய வலையைக் கட்டி, மென்மையான தூரிகையால் வலையை நோக்கித் தள்ளித் தள்ளி எடுத்தேன். கறை போகவில்லை. போக வேண்டியதும் இல்லை, பூசணம் வளராமல் அடங்கிவிட்டால் போதும். காற்றில் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் மறுபடி முளைக்காது.

இனி என் தவறுக்கு வருகிறேன்.

எங்கள் காப்பகத்தில் என் மேலதிகாரியான மேடம் போட்ட ஒரு விதி உண்டு: பெட்டியைத் திறந்ததும் எதையும் தொடாதே, மேலிருந்து ஒரு படம் எடு, கோப்புகளின் முதுகை ஒரு படம் எடு, பிறகு கையை வை. படம் எடுத்தேன். அந்த விதிக்கு ஏன் அவ்வளவு முக்கியத்துவம் என்பதைத்தான் யோசிக்கவில்லை. 6ஆம் பெட்டியைத் திறந்தால் ஒரே குழப்பம். மார்ச் மாதக் கடிதத்துக்குப் பின்னால் போன வருடத்துப் பத்திரிகைத் துணுக்கு, அதன்பின் ஒரு கட்டட மதிப்பீடு, அதன்பின் தேதியே இல்லாத ஒரு தட்டச்சுத் தாள். யாரோ கண்டபடி திணித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் தேதிவாரியாகப் பிரித்து, தேதி இல்லாதவற்றை ஒரு கட்டாகக் கட்டிக் கடைசியில் வைத்தேன். பார்க்கவே அழகாக இருந்தது. அதே சூட்டில் 7, 8 பெட்டிகளையும் முடித்தேன்.

மேடம் வந்து பார்த்தார். ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார்.

"மேல் மூலையில் என்ன இருக்கு, பார்த்தீங்களா?"

பார்த்திருந்தேன். எல்லாத் தாளிலும் வலது மேல் மூலையில் பச்சைப் பென்சிலில் மூன்று எண்கள். 4-17-9 மாதிரி. ஏதோ தபால் பதிவு எண்ணாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

"தபால் எண்ணா இருந்தா வந்த கடிதத்துல மட்டும்தானே இருக்கணும்? போன கடிதத்தோட நகல்லயும் இருக்கே" என்றார். என்னிடம் பதில் இல்லை.

ஆவணக்காப்பில் எல்லோரும் முதல் நாள் படிக்கிற பாடம் இது. வந்த இடத்தையும் வந்த வரிசையையும் கலைக்காதே. ஒரு மூலத்திலிருந்து வந்த காகிதங்களை வேறொன்றோடு கலக்கக் கூடாது என்று பிரான்சில் 1841இல் சுற்றறிக்கையாகவே எழுதிவிட்டார்கள். உள்ளே இருக்கும் வரிசையையும் மதிக்க வேண்டும் என்பதை முல்லர், ஃபெய்த், ஃப்ரூயின் என்ற மூன்று டச்சுக்காரர்கள் 1898இல் கையேடாகவே போட்டார்கள். பரீட்சையில் கேட்டால் நானும் எழுதுவேன். ஆனால் கண்ணெதிரே குப்பை மாதிரி ஒரு பெட்டி இருக்கும்போது கை சும்மா இருப்பதில்லை.

எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று தெரியாமல் திரும்ப அடுக்குவதும் சரியில்லை. அதனால் அந்த மூன்று பெட்டிகளையும் அப்படியே ஒதுக்கி வைத்துவிட்டு மற்றவற்றின் கைவேலைக்குப் போனேன். கைவேலை என்றால் பெரும்பாலும் கம்பி பிடுங்குவதுதான்.

ஸ்டேபிள், குண்டூசி, ஜெம் கிளிப், ரப்பர் பேண்ட். 14 ஆண்டுக் காகிதத்தில் இந்த நான்கும்தான் முதல் எதிரிகள். இரும்பு ஈரத்தைப் பிடித்துத் துருவாகும், துரு காகிதத்தை அரிக்கும். கிளிப்பை இழுத்தால் அதன் வடிவத்திலேயே பழுப்பாக ஒரு ஓட்டை விழுந்திருக்கும். மேசைமேல் இருக்கும் பல் போட்ட ஸ்டேபிள் பிடுங்கியைக் கொண்டு வராதீர்கள். அது மெல்லிய தாளைப் பிய்த்துவிடும். நான் செய்தது இப்படி: கட்டைக் கவிழ்த்துப் போட்டு, ஸ்டேபிளின் மடங்கிய இரு கால்களுக்கும் தாளுக்கும் நடுவில் ஒரு மெல்லிய பாலியெஸ்டர் துண்டைச் செருகினேன். அதன்மேல் தட்டையான ஸ்பேச்சுலாவை வைத்து ஒவ்வொரு காலையும் நிமிர்த்தினேன். துருவேறிய கால் சில சமயம் நிமிராமல் டிக் என்று ஒடியும். ஒடியட்டும், இன்னும் நல்லது. பிறகு கட்டைத் திருப்பி, முதுகின் அடியில் அதே துண்டைச் செருகி நேராக மேலே தூக்கினால் வந்துவிடும். ஸ்பேச்சுலா காகிதத்தைத் தொடவே கூடாது, பாலியெஸ்டர் துண்டின் மேல்தான் அது நடக்க வேண்டும். ஒரு ஸ்டேபிளுக்கு 20 விநாடி. பழகிய பிறகு 10.

ரப்பர் பேண்ட் காய்ந்து தாளோடு ஒட்டிப்போயிருந்தால் பிய்க்காதீர்கள். உறைபெட்டியிலிருந்து வந்த கட்டுகளில் அது கல்லாகி, ஸ்பேச்சுலா நுனியால் தட்டினால் தானாகவே உதிர்ந்தது. இதை எந்தப் பாடத்திலும் படிக்கவில்லை, தற்செயலாகத் தெரிந்துகொண்டேன்.

கையுறை போட்டீர்களா என்று கேட்பவர்களுக்கு: காகிதத்துக்குப் போடவில்லை. துணிக் கையுறை போட்டால் விரலுக்குத் தாளின் விளிம்பு தெரியாது, கிழிந்துவிடும். கையை நன்றாகக் கழுவித் துடைத்தால் போதும். புகைப்படங்களுக்கும் நெகட்டிவ்களுக்கும் மட்டும் நைட்ரைல் கையுறை.

தாள்களின் ரகங்களைப் பார்த்தாலே அந்த அலுவலகத்தின் வரலாறு தெரியும். ஆரம்ப வருடங்களில் வெளியே போன கடிதங்கள் எல்லாம் வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய தாளில் கார்பன் நகல்கள். விரல் பட்டால் கறுப்பாகத் தேயும். அசல் யாருக்குப் போனதோ அவரிடம் இருக்கும், இங்கே தங்குவது நகல்தான். அதனால் தலைவரின் காகிதங்களில் தலைவர் கையெழுத்துப் போட்ட கடிதம் அபூர்வம். அவர் கையெழுத்து அதிகம் கிடைப்பது மற்றவர்கள் கடிதங்களின் ஓரத்தில்தான். "பார்த்தேன்", "வேண்டாம்", "திங்கள்கிழமை பேசலாம்." கார்பன் வருவதற்கு முன்பும் இந்தச் சிக்கல் இருந்தது. 1780இல் ஜேம்ஸ் வாட் காப்புரிமை வாங்கிய நகல் அழுத்தியில், மை காயாத கடிதத்தின்மேல் ஈரமான மெல்லிய தாளை வைத்து அழுத்துவார்கள். எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி விழும், தாளின் பின்பக்கத்திலிருந்துதான் படிக்க வேண்டும். ஹார்வர்டில் சார்ல்ஸ் எலியட் 1869 முதல் 1909 வரை 40 ஆண்டு தலைவராக இருந்தார். அவர் தொடங்கும்போது அலுவலகங்களில் இப்படி அழுத்தி எடுத்த நகல்களின் புத்தகம், முடிக்கும்போது தட்டச்சும் கார்பனும். காகிதத்தைத் தொட்டவருக்கு அந்த 40 ஆண்டு விரலிலேயே தெரிந்திருக்கும்.

எங்கள் பெட்டிகளில் பிந்தைய வருடங்களில் ஃபேக்ஸ் தாள் வந்துவிடுகிறது. உண்மையில் பயமுறுத்தியது அதுதான். வெப்பத்தில் கறுக்கும் பூச்சுள்ள சுருள் தாள் அது. எழுத்து மையால் ஆனது இல்லை, பூச்சின் வேதிமாற்றம். வெளிச்சம், சூடு, பிளாஸ்டிக் உறையில் இருக்கும் மென்மையாக்கி, எது பட்டாலும் மங்கும். ஒரு கோப்பு முழுக்க பிவிசி உறையில் இருந்தது. அதில் 30 தாள்களில் 8 வெறுமையாகவே போய்விட்டன. மேலே தேதி வரியின் சாம்பல் நிழல் மட்டும் மிச்சம். மீதி 22 தாள்களை வேறு எந்த வேலைக்கும் முன்னால் ஸ்கேன் செய்தேன். மங்கியவற்றைச் சாம்பல் நிற அளவில் எடுத்து, கணினியில் மாறுபாட்டைக் கூட்டினால் கண்ணுக்குத் தெரியாத வரிகள்கூட எழுந்து வருகின்றன. கறுப்பு வெள்ளை முறையில் எடுத்தால் அந்த வரிகள் அங்கேயே செத்துப்போகும். இந்த ரகத் தாள் கையில் கிடைத்தால் காத்திருக்காதீர்கள்.

பத்திரிகைத் துணுக்குகளும் அப்படித்தான், வேறு காரணத்துக்காக. மரக்கூழில் செய்த மலிவுத் தாள், அமிலம் அதிகம். பக்கத்துத் தாளில் பழுப்பாக ஒரு சதுரம் பதிந்திருந்தால் அங்கே துணுக்கு இருந்தது என்று அர்த்தம். 1807இல் மோரிட்ஸ் இல்லிக் படிகாரமும் பிசினும் கலந்து தாளுக்குப் பசையேற்றும் முறையை வெளியிட்டார். தாள் செய்வது சுலபமானது, அமிலமும் கூடவே குடிவந்தது. துணுக்குகளை அமிலமற்ற தாளில் நகலெடுத்து, நகலை அதே இடத்தில் வைத்தோம். அசலில் தலைவர் ஏதாவது கிறுக்கியிருந்தால் மட்டும் தனி உறையில் அசலையும் வைத்தோம். கிறுக்காத துணுக்கு எங்காவது நூலகத்தில் கிடைக்கும். கிறுக்கல் வேறு எங்கும் கிடைக்காது.

செல்லோ டேப்பைத் தொடவில்லை. அது என் கைக்கு மீறிய வேலை, பராமரிப்பு வல்லுநருக்கென்று பட்டியலில் குறித்ததோடு சரி. நெகட்டிவ்கள் இருந்த உறையில் காடி நெடி அடித்தது. அசிட்டேட் பிலிம் சிதையத் தொடங்கினால் வரும் நெடி அது. மூடிய உறைக்குள் அமிலத்தைக் காட்டும் சோதனைப் பட்டையைப் போட்டு மறுநாள் பார்த்தால் நீலத்திலிருந்து பச்சைக்கு மாறியிருந்தது. உடனே மற்ற பிலிம்களிலிருந்து பிரித்துக் குளிர்சேமிப்புக்கு அனுப்பினோம்.

பச்சை எண்ணுக்கு விடை 21ஆம் பெட்டியில் இருந்தது. அது காகிதப் பெட்டி இல்லை. காலி லெட்டர்ஹெட், அழைப்பிதழ்கள், ஒரு பேப்பர் வெயிட், அடியில் 14 ஃபிளாப்பி. மூன்றரை அங்குலத் தட்டுகள். ஒன்றின் மேல் தட்டச்சில் "கோப்புத் திட்டம்" என்ற பொருளில் இரண்டே வார்த்தை.

ஃபிளாப்பி படிக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டிரைவில் போடுவதற்கு முன் மூலையில் இருக்கும் சின்னப் பொத்தானை நகர்த்தி ஓட்டையைத் திறந்துவிடுங்கள். ஓட்டை வழியே வெளிச்சம் தெரிந்தால் அந்தத் தட்டில் எதுவும் எழுத முடியாது. சில கணினிகள் தட்டைப் பார்த்ததும் கேட்காமலேயே ஏதாவது எழுதி வைக்கும், அப்படி ஆனால் கோப்பின் தேதி எல்லாம் போச்சு. கோப்புகளை ஒவ்வொன்றாக இழுத்து நகலெடுக்கவும் கூடாது. யுஎஸ்பி டிரைவில் போட்டு, பழுதான தட்டிலிருந்தும் தரவை மீட்கும் டிடிரெஸ்க்யூ நிரலால் தட்டு முழுவதையும் அச்சு அசலாக ஒரே கோப்பாக எடுத்தேன், இதைத் தட்டின் படம் என்பார்கள். 1.44 எம்பி என்று சொல்லும் தட்டின் படம் சரியாக 14,74,560 பைட் இருக்க வேண்டும், அதாவது 512 பைட்டில் 2,880 பகுதிகள். குறைந்தால் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. 14 தட்டுகளில் 11 முழுசாக வந்தன, இரண்டில் சில பகுதிகள் போய்விட்டன, ஒன்று சுழலவே இல்லை. கோப்புத் திட்டத் தட்டு முழுசாக வந்த கூட்டத்தில் இருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் எஸ்எச்ஏ-256 எண்ணைக் கணக்கிட்டு எழுதி வைத்தேன். பின்னால் யாராவது ஒரு பைட்டை மாற்றினாலும் அந்த எண் காட்டிக்கொடுத்துவிடும்.

படத்துக்குள் இருந்த கோப்பைத் திறந்தால் விநோதம். ஒவ்வொரு வார்த்தையும் படிக்க முடிகிறது, ஆனால் கடைசி எழுத்து மட்டும் ஏதோ கிறுக்கல். தட்டு கெட்டுப்போய்விட்டது என்று முதலில் நினைத்தேன். கெட்ட தட்டு இவ்வளவு ஒழுங்காகக் கெடுமா? கெடாது. அது வேர்டுஸ்டார் என்ற பழைய சொல்செயலியின் கோப்பு. அந்த நிரல் வரியைச் சீராக்குவதற்காக, வார்த்தையின் கடைசி எழுத்தின் எட்டாவது பிட்டை எழுப்பி அடையாளம் வைக்கும். அதாவது அந்த எழுத்தின் எண்ணோடு 128ஐக் கூட்டிவிடும். 127க்கு மேல் இருக்கும் ஒவ்வொரு பைட்டிலிருந்தும் 128ஐக் கழித்தால் போதும். நாலு வரி பைத்தான். புள்ளியில் தொடங்கும் வரிகள் அச்சுக்கான கட்டளைகள், அவற்றை ஒதுக்கிவிடலாம். ஓட்டிப் பார்த்தேன், திரையில் பளிச்சென்று வந்தது.

ஒன்பது தலைப்புகள். 1 ஆட்சிக்குழு. 2 நிதி. 3 கட்டடங்கள். 4 மாணவர்கள். 5 நியமனங்கள். 6 நன்கொடையாளர்கள். 7 அரசு. 8 பயணமும் உரைகளும். 9க்கு நேரே "தனி" என்று மட்டும். ஒவ்வொன்றின் கீழும் கோப்பு எண், அதற்கு ஒரு வரி விளக்கம். ஆகவே 4-17-9 என்றால் மாணவர் தலைப்பில் 17ஆம் கோப்பில் ஒன்பதாவது தாள். அந்த எண்ணைப் போட்டவர் தலைவர் இல்லை, அவருடைய செயலாளர். கார்பன் நகல்களின் இடது கீழ் மூலையில் பெரிய எழுத்தில் தலைவரின் முதலெழுத்துகளும், சாய்கோட்டுக்குப் பின் சிறிய எழுத்தில் தட்டச்சு செய்தவரின் முதலெழுத்துகளும் இருக்கும். 14 ஆண்டும் அந்தச் சிறிய எழுத்துகள் மாறவே இல்லை. ஒரே ஆள்.

6, 7, 8 பெட்டிகளைத் திரும்ப அடுக்கினேன். பெட்டிப் படங்கள் கோப்புகளின் வரிசையைத் தந்தன, பச்சை எண்கள் கோப்புக்குள் தாள்களின் வரிசையைத் தந்தன. இரண்டில் ஒன்று இல்லாமல் போயிருந்தாலும் நான் அம்பேல். மூன்று வாரம் என்று சொன்னேனே, அது இதுதான்.

அப்போதுதான் 4-17-12 கையில் வந்தது. தேதி இல்லை, கையெழுத்து இல்லை, அதனால் முதல் சுற்றில் "தேதியில்லாதவை" கட்டில் தூக்கிப்போட்டிருந்த தாள். அரைப் பக்கத் தட்டச்சு. ஆட்சிக்குழுவுக்கு எழுதிய பதவி விலகல் கடிதத்தின் வரைவு. என் தேதிவாரி அடுக்கில் அது வெறும் அநாதைத் தாள், 14 ஆண்டில் எப்போது வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். செயலாளரின் அடுக்கில் அதற்கு முன்னால் 4-17-11, ஆட்சிக்குழு உறுப்பினர் ஒருவர் மார்ச் 9ஆம் தேதி அனுப்பிய தந்தி. பின்னால் 4-17-13, மார்ச் 13ஆம் தேதிக் கூட்டத்துக்கான குறிப்பு. கோப்பின் பெயர் "விடுதி வேலைநிறுத்தம்". அந்த மனிதர் எந்த நான்கு நாட்களில் போய்விடலாம் என்று நினைத்தார் என்பது ஒரு பச்சைப் பென்சில் எண்ணில் இருக்கிறது. எழுதியது அவர். அது எப்போது எழுதப்பட்டது என்று நமக்குச் சொல்வது செயலாளர்.

இதில் எதைத் திறந்து வைப்பது, எதை மூடுவது என்பது தனித் தலைவலி. மாணவர் ஒழுங்கு விசாரணை, பதவி உயர்வுக்கான ரகசியப் பரிந்துரைக் கடிதங்கள், யாருடைய மருத்துவச் சான்றிதழோ, வழக்கறிஞர் ஆலோசனை எல்லாம் தலைவரின் மேசைக்கு வந்துதான் போகும். தலைவர் காலமாகிவிட்டாலும் அந்த மாணவர்கள் இருக்கிறார்கள். 5ஆம் தலைப்பு முழுவதையும், 4இல் பெயர் உள்ள கோப்புகளையும் காப்பக விதிப்படி மூடிவைத்தோம். தாளைப் பிடுங்கிய இடத்தில் "ஒரு தாள் கட்டுப்பாட்டில் உள்ளது" என்று எழுதிய வெற்றுத் தாளை வைத்தோம். இல்லையென்றால் வரிசை மறுபடியும் பொய் சொல்லும். இன்னொரு சிக்கல், அலுவலகக் காகிதம் நிறுவனத்துக்குச் சொந்தம், சொந்தக் காகிதம் குடும்பத்துக்குச் சொந்தம். இரண்டும் ஒரே பெட்டியில் இருந்தன. பதவி விலகல் வரைவு எந்தப் பக்கம்? மேடமும் குடும்பத்தாரும் பேசி, ஒப்படைப்புப் பத்திரத்தில் ஒரு வரி சேர்த்துத் தீர்த்தார்கள். அந்த வாதத்தில் நான் வாயைத் திறக்கவில்லை.

கழித்தது: அச்சடித்த ஆண்டறிக்கைகளின் இரட்டைப் பிரதிகள், காலி லெட்டர்ஹெட் (மாதிரிக்கு ஒன்று வைத்தோம்), அவர் போகாத விழாக்களின் அழைப்பிதழ்கள். வந்தபோது ஏறத்தாழ 8 மீட்டர் அலமாரி நீளம். முடித்தபோது 12.5 சென்டிமீட்டர் அகலப் பெட்டிகள் 52, அதாவது ஆறரை மீட்டர். பெட்டியும் உறையும் அமிலமற்றவை, அமிலத்தைச் சமன்படுத்தக் கொஞ்சம் காரத்தன்மை சேமிப்பும் உள்ளவை. உறைகளின் மேல் 2பி பென்சிலில் மட்டும் எழுதினேன். பேனா மேசைக்கே வரக் கூடாது.

விளக்கப் பட்டியல் எழுதும்போது முதல் வரைவில் "தலைவரின் கோப்பு அமைப்பு" என்று போட்டிருந்தேன். மேடம் அதை அடித்து "செயலாளரின் கோப்பு அமைப்பு" என்று திருத்தினார். ஒன்பது தலைப்பையும் அவற்றின் பெயர்களையும் மாற்றாமல் அப்படியே வைத்தோம். "தனி" என்பதற்கு மட்டும், தேடி வருபவருக்குப் புரியட்டும் என்று அடைப்பில் ஒரு விளக்கம் சேர்த்தேன்.

கடைசியாக மிச்சம் இருந்தது 23ஆம் பெட்டி. அதில் 31 சுருக்கெழுத்து நோட்டுகள். சுருள் கம்பி போட்டவை, பென்சிலில் எழுதியவை. பல காப்பகங்களில் இவற்றைத் தூக்கிப்போட்டுவிடுவார்கள், தட்டச்சான கடிதம் இருக்கிறதே என்று. நானும் அப்படித்தான் சொன்னேன். மேடம் உட்ரோ வில்சனின் கதையைச் சொன்னார். அமெரிக்க அதிபராவதற்கு முன் 1902 முதல் 1910 வரை அவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் தலைவர். அவருக்கே சுருக்கெழுத்து அத்துப்படி, கிரகாம் என்ற சுருக்கெழுத்து முறையில் தன் குறிப்புகளை எழுதித் தானே தட்டச்சும் செய்வார். அவருடைய காகிதங்கள் பிற்பாடு 69 தொகுதிகளாக வந்தபோது அந்தக் கிறுக்கல்களையும் உட்கார்ந்து படிக்க வேண்டியிருந்தது. சரி, நோட்டுகளை வைத்துக்கொண்டோம்.

எங்கள் நோட்டுகள் பிட்மன் என்ற இன்னொரு சுருக்கெழுத்து முறை. கோடு தடித்தால் ஒரு ஒலி, மெலிந்தால் இன்னொன்று, அதாவது ஆங்கில T ஒலிக்கும் D ஒலிக்கும் வித்தியாசம் கோட்டின் கனம்தான். பென்சில் தேய்ந்தால் அர்த்தமே மாறிவிடும் என்பதால் ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் மெல்லிய அமிலமற்ற தாள் வைத்தேன். கம்பியை எடுக்கவில்லை. எனக்குப் பிட்மன் படிக்க வராது. ஆனால் பக்கங்களைப் புரட்டும்போது ஒன்று கண்ணில் பட்டது. ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்து முடித்ததும் அந்தப் பக்கத்தின் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டிருக்கிறார். வேலை முடிந்தது என்பதற்கு அடையாளம். நோட்டு நோட்டாகப் பக்கத்துக்குப் பக்கம் அந்தக் கோடு உண்டு.

மேலட்டையில் தேதி இருந்ததால் அந்த மார்ச் மாத நோட்டைத் தேடி எடுத்தேன். 9ஆம் தேதி, கோடு இருக்கிறது. 10ஆம் தேதி ஒரு அரைப்பக்கக் குறிப்பு, கோடு இருக்கிறது. அளவைப் பார்த்தால் அதுதான் வரைவாக இருக்க வேண்டும். 12ஆம் தேதியில் இரண்டு முழுப் பக்கம், நெருக்கமான எழுத்து, நடுவில் நாலைந்து இடத்தில் அடித்தல் திருத்தல். குறுக்கே கோடு இல்லை. 4-17 கோப்பை மறுபடி முழுக்கப் பார்த்தேன். 4-17-12க்கும் 4-17-13க்கும் நடுவில் எந்தத் தாளும் விட்டுப்போகவில்லை.

பிட்மன் தெரிந்த, பணி ஓய்வு பெற்ற ஒரு அம்மா வருகிற வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். நோட்டை மேசைமேல் எடுத்து வைத்து, அந்த இரண்டு பக்கத்துக்கு நடுவில் ஒரு வெற்றுத் தாளை அடையாளமாகச் செருகியிருக்கிறேன்.